கைதட்டியவர்களில் நானும் ஒருவன்

1

வேலையில் சேர்ந்து பத்து வருடம் முடிந்ததற்காக அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். மேலாளர் எழுந்து பேசினார். வெயில் ஊரிலிருந்து வந்த மனிதர், ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை, யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை, மழையைப் பற்றிக் குறை சொன்னதில்லை என்று அடுக்கிக்கொண்டே போனார். கேட்க நன்றாக இருந்தது. நல்ல மனிதர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பேச்சு முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டினேன். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள், கத்தி என் முன்னால்தான் இருக்கிறது என்பதைக் கவனித்த பிறகே அந்த மனிதர் யார் என்று விளங்கியது.

அவர்கள் சிரித்தார்கள். நான் வேண்டுமென்றே செய்த வேடிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் சிரித்துவிட்டுக் கேக்கை வெட்டினேன். கை ஒழுங்காகத்தான் வெட்டியது.

நான் இருப்பது நார்வேயில், பெர்கன் என்ற ஊரில். கடலும் மலையும் ஒட்டிக் கிடக்கும் ஊர். வருடத்தில் பெரும்பகுதி மழை பெய்யும். வடகரையில் பிறந்து தென்காசியில் படித்தவனுக்குச் சாரல் ஒன்றும் புதிதில்லை. அங்கே சாரல் விழுந்தால் ஊரே சந்தோஷப்படும், இங்கே மழைச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

என் வேலை மீனுக்குச் சாப்பாடு போடுவது. கடலுக்குள் பெரிய வலைக் கூண்டுகள் இருக்கின்றன. அவற்றில் சால்மன் வளர்கிறது. கூண்டுகளுக்குள் கேமரா இருக்கிறது. நான் கரையில், ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். பட்டனைத் தட்டினால் குழாய் வழியாகத் தீவனம் போய் விழும். பசியுள்ள மீன் மேலே பாய்ந்து வரும். வயிறு நிறைந்ததும் மெதுவாகிவிடும், தீவனம் யாரும் தொடாமல் கேமராவைத் தாண்டிக் கீழே இறங்கும். அப்போது நிறுத்த வேண்டும். பத்து வருடத்தில் அந்த மீன்களில் ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை. ஊரில் என் அக்கா, "தம்பி நார்வேல மீன் வளக்கான்" என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு வந்திருப்பதைச் சொல்ல இந்த வேலை வசதியாக இருக்கிறது. எப்போது தொடங்கியது என்று தெரியாது. ஒரு கட்டத்தில், மீனைப் பார்ப்பது போலவே என்னையும் பார்க்கத் தொடங்கியிருந்தேன். சண்முகம் எழுந்திருக்கிறான், பல் தேய்க்கிறான், பேருந்தில் ஏறுகிறான். எல்லாம் சரியாக நடக்கிறது. எதிரே இருக்கும் மரம், கடல், பெண்டாட்டி, பிள்ளை எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் நடுவில் ஒரு கண்ணாடி. இது வலி இல்லை. சோகமும் இல்லை. சோகமாக இருந்தால் சோகப்படுவது நான் என்றாவது தெரிந்திருக்கும்.

2

என் மகள் மதிக்குப் பதின்மூன்று வயது. இங்கே சனிக்கிழமைதோறும் ஈழத் தமிழர்கள் ஒரு தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்கள். நான்கு வயதிலிருந்து அங்கே போகிறாள். அதனால் அவளுக்குத் தமிழ் நன்றாக வரும், தென்காசித் தமிழ்தான் வராது. யாழ்ப்பாணத்துக்காரர் பிள்ளை போலப் பேசுவாள். என் மனைவி செல்வி முதலில் திருத்திப் பார்த்தாள். பிறகு, ஏதோ ஒரு தமிழ் பேசினால் சரி என்று விட்டுவிட்டாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது மதி சொன்னாள்.

"அப்பா, என்னை நீச்சல் குழுவில சேர்த்திட்டினம்."

"நல்லா இருக்கு" என்றேன்.

இரண்டு வருடமாக அவள் அதற்காகத்தான் அதிகாலையில் எழுந்து தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியும். அதனால்தான் நல்லா இருக்கு என்று சொன்னேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

சில நாள் கழித்து, அதே மேசையில், அதே குரலில் சொன்னாள்.

"அப்பா, கணக்குச் சோதனையில நான் ஒண்டும் எழுதேல்லை."

"நல்லா இருக்கு."

"அப்பா, அம்மாவைக் கரடி திண்டிட்டுது."

"நல்லா இருக்கு" என்றேன்.

சோற்றை வடித்துக்கொண்டிருந்த செல்வி பானையைக் கீழே வைத்தாள். மதி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்துச் சமாளித்திருப்பேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு அவள் என்னிடம் எதையும் சொல்வதில்லை. கோபம் இல்லை. கதவை அடித்துச் சாத்தவில்லை. காலை வணக்கம் சொன்னாள், உப்பை எடுத்துக் கொடுத்தாள். மற்றதையெல்லாம் அம்மாவிடம் சொன்னாள். நான் வீட்டில் இருக்கும்போதே, நான் இல்லாத வீட்டில் எப்படி இருப்பார்களோ அப்படி அவர்கள் இருக்கத் தொடங்கினார்கள்.

இது எனக்கு வலித்திருக்க வேண்டும். வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது, அந்தப் பயமும் கொஞ்சம் தள்ளித்தான் நின்றது. எது போனாலும் போகட்டும், இந்தப் பிள்ளைக்கு அப்பன் இல்லாமல் போய்விடக் கூடாது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததே தவிர, நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை.

செல்வி ஒரு நாள் நேராகவே கேட்டாள். "ஒங்களுக்கு என்னதான் பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல" என்றேன். அதைவிடச் சரியான பதில் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

3

செல்வியே டாக்டரிடம் நேரம் வாங்கினாள். இங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு டாக்டர் ஒதுக்கப்பட்டிருக்கிறார். எனக்கு ஒதுக்கப்பட்டவர் இளைஞர், நல்லவர், ஆங்கிலம் சுத்தமாகப் பேசுவார். ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். நான் சொன்னது எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் வேறு யாரோ ஒருவரின் நோயைப் படித்துக் காட்டுவது போல இருந்தது. அவரும் அதைக் கவனித்திருக்க வேண்டும். உங்கள் மொழியில் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடிக்கிறேன், அது உங்கள் உரிமை என்றார்.

தொலைபேசியில் ஓர் அம்மா வந்தார். குரலை வைத்து ஐம்பது வயதிருக்கும் என்று நினைத்தேன். "சொல்லுங்கோ" என்றார்.

"என்னை நானே பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்ப்பது போல இருக்கிறது. ஆளைத் தெரியும். பழக்கம் இல்லை" என்றேன்.

அவர் மொழிபெயர்த்தார். டாக்டர் முகம் கனிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுகிறாரா என்று கேட்டார்.

"இல்லை. அமைதியான ஆள்" என்றேன்.

குடியிருப்புத் தகராறுகளைத் தீர்க்க நகராட்சியில் ஒரு பிரிவு இருப்பதாக டாக்டர் சொன்னார். அதற்குள் அந்த அம்மாவே நிலைமையைப் புரிந்துகொண்டு, "ஐயோ தம்பி, உங்களைத்தானே சொல்லுறீங்கள்?" என்றார். பிறகு நீளமாக ஏதோ விளக்கினார். என்னைவிட நன்றாக விளக்கியிருப்பார் போல, டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறதாம். பலருக்கு வருமாம். பைத்தியம் இல்லை என்பதை டாக்டர் மூன்று விதமாகச் சொன்னார். என்ன காரணம் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், சொல்லும்படி ஒன்றும் அகப்படவில்லை. காரணம் ஒன்று இருந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். மனநல நிபுணரிடம் அனுப்புவதாகச் சொன்னார். அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை, அந்த உணர்வு வரும்போதெல்லாம் கால்கள் தரையில் பதிந்திருப்பதைக் கவனிக்கச் சொன்னார்.

கவனித்தேன். பேருந்தில், அலுவலகத்தில், சாப்பாட்டு மேசையில் எல்லாம் கவனித்தேன். கால்கள் தரையில்தான் இருந்தன. அவை யாருடைய கால்கள் என்பதில்தான் சிக்கல்.

4

செல்வி என் அக்காவுக்குப் போன் போட்டு அழுதிருக்கிறாள். அக்கா முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாளாம்.

"ஏட்டி செல்வி, இதுக்குப் போயா அழுவுத? இங்கன சீசன் ஆரம்பிச்சிட்டு. அவன அனுப்பி வையி. தலையில எண்ணெய வச்சி பேரருவில நிறுத்தி எடுத்தம்னா எல்லாம் தெளிஞ்சிரும்."

வெளியூர்க்காரர்கள் குற்றாலத்துக்குக் குளிக்க வருவார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு வேறொரு பழைய உபயோகமும் உண்டு. புத்தி தடுமாறியவர்களைக் கூட்டிவந்து, தலை நிறைய எண்ணெய் தேய்த்து, தண்ணீர் விழும் இடத்தில் நிறுத்துவார்கள். மண்டையில் விழும் அடியில் கலங்கியது தெளியும் என்று நம்பிக்கை. சின்ன வயதில் அப்படி நிறுத்தப்பட்டவர்களை நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த வரிசையில் ஒரு நாள் நானும் நிற்பேன் என்று அப்போது தோன்றவில்லை.

ஜூலையில் பெர்கனில் பள்ளி விடுமுறை. செல்விக்கு லீவு கிடைக்கவில்லை, முதியோர் இல்லத்தில் வேலை. நானும் மதியும் மட்டும் போனோம்.

அக்கா வீடு தென்காசியை ஒட்டி, குத்துக்கல்வலசையில் இருக்கிறது. அத்தான் ஓய்வு பெற்ற ஏட்டு. சர்வீஸில் பாதி சீசன்களை அருவிக்கரை டூட்டியிலேயே கழித்தவர். ஓய்வு பெற்றபோது லத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். விசில் மட்டும் சட்டைப் பையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது.

எனக்கு மனசு சரியில்லை என்பது வெளியே தெரியக் கூடாது என்று அக்கா கவனமாக இருந்தாள். தெருவில் கேட்டவர்களிடம், தலைவலி என்று சொல்லி வைத்தாள். அன்று சாயங்காலத்துக்குள் என் நெற்றியில் சுக்குப் பத்தும் வேறு பெயர் தெரியாத பத்தும் இருந்தன. பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர் நொச்சி இலையோடு வந்து, ஆவி பிடிக்க வைத்துவிட்டுத்தான் போனார். இல்லாத தலைவலி இதில் வந்துவிட்டது.

மதியை அக்காவுக்குப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு சந்தேகம்தான். "ஏல சம்முவம், இவ என்னல எதக் கேட்டாலும் ஓம் ஓம்ங்கா? அங்கன எதும் சாமியார் மடத்துல சேத்து வச்சிருக்கியா?"

"அப்படித்தான் அக்கா அங்க ஆமான்னு சொல்லுவாங்க."

"நல்ல ஊருதான்" என்றாள் அக்கா.

ஊருக்கு வந்தால் சரியாகிவிடும் என்று உள்ளுக்குள் எனக்கும் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. தென்காசிக் கோபுர வாசலில் எப்போதும் காற்று ஆளைத் தள்ளும். போய் நின்றேன். தள்ளியது. தள்ளப்பட்டவனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தான், பாவம்.

பேரருவிக்கும் உடனே போக முடியவில்லை. மலையில் மழை கொட்டித் தீர்த்ததில் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். அத்தான் தினமும் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

"செந்தண்ணியா வருது மாப்ள. பாதுகாப்பு வளைவையே மூடிட்டு ஊத்துது. இன்னிக்கு சான்ஸே இல்ல."

பெர்கனில் நிபுணருக்காகக் காத்திருந்தேன், இங்கே அருவிக்காக. மதி தினமும் அத்தானின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனாள். திரும்பி வந்ததும் தண்ணீர் எப்படி விழுகிறது என்று கைகளை விரித்து அக்காவுக்குச் சொன்னாள். எனக்கும் கேட்கட்டும் என்று சொன்னாளா, தெரியவில்லை. நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

5

தடை நீங்கிய அன்று காலையிலேயே அக்கா என் தலையில் நல்லெண்ணெயைக் கவிழ்த்தாள். காது வழியாக வழிந்தது. அப்படியே காரில் ஏற்றினார்கள். இருக்கையில் எண்ணெய் படாமல் இருக்க அத்தான் பழைய தினசரியை விரித்திருந்தார்.

பேரருவியில் கூட்டம் நெரித்தது. பெண்கள் பக்கம் அக்காவும் மதியும் போனார்கள். ஆண்கள் பக்கம் கயிறு கட்டி, ஓர் இளம் போலீஸ்காரர் கூட்டத்தைப் பகுதி பகுதியாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். விசில் அடித்தால் குளித்தவர்கள் வெளியே வந்துவிட வேண்டும். அத்தான் அவரிடம் போய் மெதுவாக ஏதோ சொன்னார். அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எண்ணெய் மண்டையைப் பார்த்தார்.

"நிக்கட்டும் ஏட்டையா. எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கட்டும். ஆளு கைய கிய்ய ஓங்குவாரா?"

"ச்சே ச்சே, சாது" என்றார் அத்தான்.

இந்தப் பேச்சை வரிசையில் நின்றவர்கள் கேட்டுவிட்டார்கள். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அவ்வளவு கூட்டத்தில் எனக்கு மட்டும் வழி விட்டார்கள். தண்ணீர் கனமாக விழும் மூலையில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, தனியாக நின்றேன். இரண்டு பக்கமும் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. ஒரு தகப்பன் தன் பையனை இழுத்து மறுபக்கம் நிறுத்திக்கொண்டான்.

தண்ணீர் மண்டையில் அடித்தது. கல்லைக் கொட்டுவது போல இருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை, காது அடைத்துவிட்டது, மூச்சு வாங்க முகத்தைக் கீழே கவிழ்க்க வேண்டியிருந்தது. அதற்குள்ளும் அவன் இருந்தான், கொஞ்சம் பின்னால் நின்று பார்ப்பவன். சண்முகம் அருவியில் நிற்கிறான், தண்ணீர் பலமாக விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். இதற்கும் அசையவில்லை என்றால் இனி எதற்கும் இல்லை என்று நினைத்தேன். மதியை நினைத்தேன். அவள் முகம் திரையில் தெரிவது போல் தெரிந்தது.

விசில் அடித்தது. குளித்தவர்கள் வெளியேறினார்கள். அடுத்த கூட்டம் உள்ளே பாய்ந்தது. அவர்களுக்கு என் கதை தெரியாது. அதில் ஒருவர், கனத்த சரீரம், உடம்பெல்லாம் எண்ணெய், காலி இடத்தைப் பார்த்ததும் அதிர்ஷ்டம் என்று நினைத்து ஓடி வந்தார். வந்த வேகத்தில் வழுக்கி, முழுப் பாரத்தையும் என் இடது கால் பெருவிரலில் இறக்கினார்.

"ஏ... லே! எங்காலுலே! கண்ணு என்ன பொடதிலயால இருக்கு?"

அருவிச் சத்தத்தையும் மீறி அது கேட்டது. எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. என் தொண்டை எரிந்தது.

அவர் பதறிவிட்டார். காலை எடுத்தார், ஆனால் வாய் சும்மா இல்லை. "கோவப்படாதிய அண்ணாச்சி. அருவில நிக்கும்போது எது யாரு காலுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்லே!" என்று கத்தினேன். "எங்காலு எனக்குத் தெரியாதாலே மூதி?"

அவர் அந்தப் பக்கம் ஒதுங்கினார். நான் குனிந்து பார்த்தேன். நகம் பாதி பெயர்ந்திருந்தது. ரத்தம் வர வர தண்ணீர் கொண்டுபோனது. வலி விரலிலிருந்து முழங்கால்வரை ஏறியது. கெட்ட வலி. அவ்வளவு வலியிலும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. ஒரே காலில் நின்றுகொண்டு அழுதேன். அருவிக்குள் அழுவதில் ஒரு வசதி, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

நொண்டிக்கொண்டு வெளியே வந்தபோது மதி துண்டைப் போர்த்திக்கொண்டு கயிற்றுக்கு வெளியே அத்தானோடு நின்றிருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அப்பா, நீங்கள் கத்தினீங்கள்."

"ஆமா. கால மிதிச்சிட்டான்."

"நான் இங்க நிண்டு கேட்டனான்" என்றாள். குனிந்து என் விரலைப் பார்த்தாள். பிறகு, சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்பவள் போல, நகத்தை ஒட்டி ஒரு விரலால் அழுத்தினாள்.

"ஆ!" என்றேன்.

இன்னொரு தரம் அழுத்தினாள்.

"ஏட்டி, சும்மா இரு!"

அவள் சிரித்தாள். என்னைப் பார்த்து அவள் சிரித்து வெகு நாளாயிருந்தது. அக்கா ஈரச் சேலையோடு ஓடி வந்து, "தெளிஞ்சிட்டால?" என்று கேட்டாள். அத்தான் என் காலைப் பார்த்துவிட்டு, "மொதல்ல டிஞ்சர் போடணும்" என்றார்.

6

தெளிந்துவிட்டது என்று அக்கா இன்றும் சொல்கிறாள். எண்ணெய் வைத்த கை தன்னுடையது என்பதால் பெருமையும் அவளுக்கே. அவளிடம் நான் மறுத்துப் பேசவில்லை. உண்மை என்னவென்றால், அன்று திரும்பும் வழியில் மங்குஸ்தான் வாங்க வண்டியை நிறுத்தினோம், உரித்த பழத்தை வாயில் போடும்போதே அந்தக் கண்ணாடி லேசாகத் திரும்பவும் நடுவில் வந்துவிட்டது. இனிக்கிறது என்று தெரிந்தது. யாருக்கு என்று மறுபடியும் குழப்பம்.

ஆனால் ஒன்று செய்தேன். பின் இருக்கையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதியிடம் சொன்னேன். "அப்பா சில நேரம் இங்க இருக்க மாட்டேன்."

"எங்க போவீங்கள்?"

"எங்கயும் போறதில்ல. கொஞ்சம் பின்னால நின்னு பார்த்துக்கிட்டிருப்பேன். நீ சொல்றது எல்லாம் கேட்கும். எட்ட மாட்டேங்குது. ஒம்மேல பாசம் இல்லாம இல்லம்மா."

இதை அவளிடம் அதுவரை நான் சொன்னதில்லை. அவள் பழத் தோலை விரலில் தொப்பி போல மாட்டிக்கொண்டு யோசித்தாள்.

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"தெரியலம்மா" என்றேன். "ஓம்" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள். அச்சன்புதூர் பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

இப்போது பெர்கனுக்குத் திரும்பிவிட்டோம். மழை பெய்கிறது. நிபுணரிடமிருந்து நேரம் வந்து, போய்க்கொண்டிருக்கிறேன். பொறுமையான பெண்மணி. அருவியில் நிறுத்திய கதையைச் சொன்னபோது குறுக்கே பேசாமல் கேட்டார், தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று விசாரித்தார். மீன்கள் பசியாக இருக்கின்றன. என் நகம் இன்னும் முழுதாக முளைக்கவில்லை.

சென்ற வாரம் இரவுச் சாப்பாட்டில் மதி ஏதோ சொன்னாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நல்லா இருக்கு" என்றேன்.

மேசைக்கு அடியில் ஒரு குதிகால் என் இடது பெருவிரலில் நச்சென்று இறங்கியது. தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். செல்வி கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"வலிக்கா?" என்று கேட்டாள் மதி. அத்தானிடம் கற்றுக்கொண்டு வந்த ஒரே தென்காசிச் சொல் அதுதான்.

"வலிக்குடி."

"யாருக்கு?"

கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் காலை எடுக்கவில்லை.

"எனக்கு" என்றேன்.

"ஓம்" என்றாள். காலை எடுத்துக்கொண்டாள். பிறகு நீச்சல் போட்டியில் நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.